அசாம் மாநிலத்துக்குரிய நினைவு

கதை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் முதற்கண் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். இதுவரை நான் எழுதியவற்றுள் மிக நீளமானது மேல்முறையீட்டு மனு ஒன்று, அதுவும் தள்ளுபடியாயிற்று. இலக்கியம் பயின்றோர் பலர் இருக்க, என்னைப் போன்றவன் பேனாவைத் தொடுவது தகாது என்பதை அறிவேன். ஆயினும், இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் நடந்தபோது அந்தக் கூடத்தில் இலக்கியம் பயின்றோர் எவரும் இல்லை, நான் இருந்தேன். அந்த ஒரே தகுதியைக் கொண்டு தொடங்குகிறேன். பிழை தென்படும் இடங்களில், சாலையில் குழியைக் கண்டவர் போலச் சற்று விலகிக் கடந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரூர் நகருக்குச் சற்று வெளியே நல்லமங்கை கொசுவலை நிறுவனம் என்று ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் திரு. நல்லசிவம் அவர்கள். நான் அங்கே வரி அலுவலர். தொழிலாளர்கள் என்னை 'வரி சார்' என்றே அழைத்தனர்; என் இயற்பெயர் சம்பள நாளில் மட்டும் நினைவுகூரப்பட்டது. எங்கள் வலைகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் கட்டில்களின்மேல் தொங்கின. எங்கெங்கு விற்றோமோ அங்கங்கு வரி செலுத்தினோம். அதில் எங்களுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை.

அந்நாளில்தான் நாட்டமுறைச் சட்டம் வந்தது. அதை எங்களுக்கு விளக்க, மாநிலங்களின் பங்கீட்டு மன்றத்திலிருந்து திரு. ஆரோக்கியநாதன் என்னும் அலுவலர் வந்தார். மிகவும் மென்மையான மனிதர். ஒரு பெட்டி நிறையச் சிறு பொத்தான்களும், சுவரில் மாட்டுவதற்கு ஒரு பெரிய பலகையும் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க, வித்த எடத்துல வரி கட்டிக்கிட்டுத்தானுங்களே இருக்கறோம்? அதுல என்னங்க கொறை?" என்று நல்லசிவம் அவர்கள் கேட்டார்.

"குறை உங்க மேல இல்லை சார்," என்றார் ஆரோக்கியநாதன். "நூல் குஜராத்ல இருந்து வருது. வலை கரூர்ல பின்றீங்க. டிசைன் போட்ட பையன் மைசூர்ல. ஆர்டர் வாங்குற கம்ப்யூட்டர் ஐதராபாத்ல. வலைக்குள்ள படுத்துத் தூங்குறவர் கட்டாக்ல. லாபம் எந்த ஊர்ல பிறந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

"கரூர்லதாங்க. இதுல என்ன சந்தேகம்?"

"ஒவ்வொரு மாநிலமும் அப்படித்தான் சார் சொல்லுது. அவங்கவங்க ஊர்லதான் பிறந்துச்சாம். வருஷக்கணக்கா சண்டை. கடைசியில மன்றத்துல ஒரு முடிவுக்கு வந்தாங்க. எந்தத் தொழிலும் மொதல்ல மனசுலதான் நடக்குது. வேலை நேரத்துல தொழிலாளியோட மனசு எந்த மாநிலத்துக்குப் போகுதோ, அந்த மாநிலத்துக்குப் பங்கு."

"மனசு போற எடத்துக்கெல்லாமா?"

"இந்தப் பொத்தானைக் காதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டா போதும். பேரு நாட்டமானி. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு அது பார்க்காது. எந்தப் பக்கம் நினைக்கிறீங்கன்னு மட்டும் பார்க்கும். உங்க ரகசியம் உங்களோட. எங்களுக்குத் திசை போதும்."

பலகையில் இந்திய வரைபடம் இருந்தது. மாநிலத்துக்கு ஒரு விளக்கு. யாருடைய மனம் எங்கே சென்றாலும் அந்த மாநிலத்தின் விளக்கு எரியும். கூடவே, சென்றவரின் பொத்தான் எண்ணும் அதன் கீழே தோன்றும். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலுக்குள், வெண்ணிற விளக்கு ஒன்று தனியாக இருந்தது.

"அது எதுக்குங்க? இலங்கைக்கா?" என்று கேட்டான் துணி வெட்டும் மாகாளி. எல்லாவற்றிலும் முதல் கேள்வி அவனுடையதாகவே இருக்கும்.

"அது எங்குமிலி. இறந்தவங்களை நினைச்சா அது எரியும். இறந்தவங்க எந்த மாநிலத்துலயும் குடியிருக்கறதில்லை. அதனால எந்த மாநிலமும் பங்கு கேட்க முடியாது."

"அப்ப செத்தவங்களை நெனைச்சா லாபமுங்களே?"

"சட்டம் அப்படித்தான் இருக்கு தம்பி," என்று வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார் ஆரோக்கியநாதன்.

பலகையை மாட்டிய முதல் நாளே பீகார் விளக்கு காலையில் எரியத் தொடங்கி மாலை வரை அணையவில்லை. எங்களிடம் பீகாரைச் சேர்ந்த தையல்காரர்கள் பதினொரு பேர் இருந்தனர். அவர்களின் கைகள் கரூரில் தைத்துக்கொண்டிருந்தன. மனங்கள் ஒருநாளும் கரூருக்கு வந்ததே இல்லை என்பதைப் பலகை எங்களுக்கு உணர்த்தியது. பீகாருக்கும் பங்கு கட்டி மாளாது என்று அவர்களை ஊருக்கு அனுப்பிவைக்க நேர்ந்தது. புறப்படும்போது அவர்களுள் சந்தேஷ்வர் என்பவர், "மொதலாளி, நான் ஊருக்குப் போனா அங்க கரூர்தான் நெனைப்பேன். அப்ப கரூருக்குக் காசு வருமா?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை முதல் தேதி அடுத்த இடர் வந்தது. பாதித் தொழிலாளர்கள் மாலை போட்டுக்கொண்டு வந்தனர். கேரள விளக்கு கற்பூரம்போல் எரிந்தது. நல்லசிவம் அவர்களும் கறுப்பு வேட்டியில்தான் இருந்தார். "சாமிமாருங்களா, இந்த வருசம் எல்லாரும் பழனிக்கே போயிரலாம்," என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். "மலைதானுங்களே, எங்க ஏறினா என்ன?" என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார். சிற்றுண்டியில் மைசூர்பாகு நிறுத்தப்பட்டது, ஏனெனில் அதைத் தின்றவர்களுள் மூவருக்குக் கருநாடக விளக்கு எரிந்தது. சென்னையில் பெருநிறுவனங்கள், வரி குறைவான தீவு ஒன்றை நாள் முழுதும் நினைப்பதற்கென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒருவாறு பழகிக்கொண்டோம். பழகாதது ஒரே ஒரு விளக்கு. வரைபடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்த, அசாம் மாநிலத்துக்குரிய பச்சை விளக்கு.

அசாமில் நாங்கள் ஒரு வலைகூட விற்றதில்லை. ஆனால் சோதனை மேசையின் தலைவியான கோகிலவாணி அம்மையாரின் ஒரே மகள் இதழினி அங்கே இருந்தாள். பிரம்மபுத்திராவின் கரைகளைக் காக்கும் பொறியாளர். கணவர் மறைந்த பிறகு, அம்மையார் இந்த மேசையருகே நின்றுதான் அவளை வளர்த்தார். வலையை விரித்து விளக்கொளிக்கு எதிரே பிடித்து, ஆயிரக்கணக்கான கண்களுள் அறுந்திருக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்பது அவர் வேலை.

"நான் நெனைக்கோணும்னு நெனைக்கறதில்லீங்ண்ணா," என்று அவர் உரிமையாளரிடம் சொன்னார். "வலையை விரிச்சுப் புடிச்சதும் அவ மொகம் வந்துருதுங்க. சின்னதுல பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த மேசைக்கு அடியிலதானுங்களே தூங்குவா."

ஒரு மாநிலத்தின் விளக்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிந்தால், நிறுவனம் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். விசாரணைக்கு உரிமையாளர் நேரில் செல்ல வேண்டும். நல்லசிவம் அவர்கள் குவாகாத்திக்கு இருமுறை சென்று வந்தார். இருமுறையும் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அவர் ரயிலில் இருந்த நாள்களில் இங்கே நூல் வாங்கக் கையெழுத்திட ஆள் இல்லை, தறிகள் நின்றன. மூன்றாம் அழைப்பும் வந்தால் நிறுவனத்தை மூட நேரும் என்பதை நான் பணிவுடன் எடுத்துரைத்தேன். அப்படி மூடினால் நாற்பது குடும்பங்கள் வீதிக்கு வரும்.

மதிய உணவு இடைவேளையில் பொத்தானைக் கழற்றச் சட்டம் இடமளித்தது. ஆகவே மகளைப் பற்றிய நினைவுகளை அந்த வேளைக்கு ஒத்திவைக்கலாமே என்று ஒரு யோசனை கூறினேன். அம்மையாரும் இசைந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு கண்களை மூடி அமர்ந்தார். நாங்கள் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம்.

"வருதுங்களா அக்கா?" என்றான் மாகாளி.

"எங்கடா வருது? கத்திரிக்காய்ல உப்புப் பத்தலைங்கறதுதான் வருது."

"கண்ணை இன்னும் நல்லா மூடிப் பாருங்க."

"மூடினா தூக்கம் வருது."

இரண்டு மணிக்கு முதல் வலையை விரித்தார். பச்சை விளக்கு எரிந்தது. வானொலியில் பிரம்மபுத்திராவில் வெள்ளம் என்று சொன்ன அன்று, அது ஒரு கணமும் அணையவில்லை. மாகாளி தன் துண்டை அதன்மேல் போர்த்தினான். மாலையில் வந்த ஆரோக்கியநாதன் துண்டை எடுத்து, மடித்து, "விளக்கை மறைக்கக் கூடாதுப்பா, மன்னிச்சுக்கணும்," என்று அவனிடமே கொடுத்தார்.

"நான் வேலையை விட்டு நின்னுக்கறேனுங்க," என்றார் கோகிலவாணி அம்மையார்.

"நீ நின்னுட்டா ஓட்டை வலையை யாரு கண்டுபுடிக்கறது? ஒடிசாக்காரன் கொசுவுக்குப் பதிலா என்னைப் புடிச்சு நசுக்கிருவான்," என்று நல்லசிவம் அவர்கள் எரிந்து விழுந்தார். பிறகு குரல் தணிந்து, "எங்கப்பன் வேலைக்கு வெச்ச ஆளு நீ. உன்னை அனுப்பிப்போட்டு நான் யாரு மொகத்துல முழிக்கறது அம்மணி?" என்றார்.

அப்போது பலகையில் வெண்ணிற விளக்கு ஒருமுறை எரிந்தது. அதன் கீழே அம்மையாரின் எண்.

"இப்ப யாரை நெனைச்சே?"

"அவங்கப்பனைத்தானுங்க. அவரு இருந்திருந்தா ஒரு வழி சொல்லியிருப்பாருன்னு நெனைச்சனுங்க."

நல்லசிவம் அவர்கள் அந்த விளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வரி சார்," என்றார் மெதுவாக. "புருசனை நெனைச்சா தொந்தரவு இல்லை. புள்ளையை நெனைச்சாத்தான் தொந்தரவு. அப்படித்தானுங்க?"

"சட்டத்தின்படி அப்படித்தான் ஐயா."

"புள்ளையைத் தலைமுழுகிட்டா?"

குடும்பத்துக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்துவிட்ட பிள்ளையை இறந்துவிட்டதாக எண்ணி, பெற்றோர் ஆற்றில் முழுகி, பானை உடைத்து, திரும்பிப் பாராமல் வீடு சேர்வதுண்டு என்பதை வாசகர் அறிவர். அதன்பின் அந்தப் பிள்ளை அவர்களுக்கு இல்லை. பகைமையின் உச்சத்தில் செய்யப்படும் இச்சடங்கை, வரித் திட்டமிடலின் பொருட்டு எவரேனும் அதற்குமுன் கருதியிருப்பார்களா என்று நான் ஐயுறுகிறேன்.

மகளின் இசைவைப் பெற வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தோம்.

"இதழு, நல்லாருக்கியா சாமி?"

பச்சை விளக்கு எரிந்தது.

"நல்லாருக்கேம்மா. என்ன, ஆபீஸ் நேரத்துல கூப்பிடறே? லைட்டு எரியாதா?"

"எரியுது கண்ணு. மாமா பேசோணுமாம்."

நல்லசிவம் அவர்கள் விளக்கினார். மறுமுனையில் ஆற்றின் இரைச்சலுக்கு மேலாகப் பெருஞ்சிரிப்பு கேட்டது.

"என்னைத் தலைமுழுகப் போறீங்களா? மாமா, நான் யாரையும் இழுத்துட்டு ஓடக்கூட இல்லையே!"

"சும்மா ஒரு இதுக்குத்தான் கண்ணு. சட்டத்துக்கு."

"சரி, முழுகிக்கோங்க. அம்மா, சீயக்காய் போட்டு நல்லா முழுகு, சூடு குறையும். சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போலக் கூப்பிடு."

"முழுகின பொறகு எப்புடி சாமி கூப்படறது?"

"ஏழு மணி வேலை நேரம் இல்லையேம்மா."

"வேலை நேரத்துக்கு மட்டும் செத்தவங்கன்னு உண்டா?" என்று கேட்டார் அம்மையார்.

இதழினி மறுபடியும் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அமராவதி ஆற்றுக்குச் சென்றோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. நல்லசிவம் அவர்கள் தண்ணீர் லாரி ஒன்றை வரவழைத்து, மணலில் நிறுத்தி, குழாயைத் திறக்கச் செய்தார். ஆரோக்கியநாதன் குடையுடன் வந்திருந்தார். "அலுவலரா வரலை, தனிப்பட்ட முறையில வந்தேன். குளிக்கறதைச் சட்டம் தடுக்கலை," என்றார். லாரி வந்ததே வந்தது என்று மற்றவர்களும் வரிசையில் நின்றுவிட்டனர். மாகாளி பெங்களூரில் இருந்த தன் மைத்துனனை முழுகத் தீர்மானித்திருந்தான். பின்னலறையைச் சேர்ந்த பெண்ணொருத்தி என்னிடம் வந்து, "சார், என்ற மாமியாரை முழுகிக்கலாமுங்களா?" என்றாள்.

"மாமியார் எந்த மாநிலம்?"

"குளித்தலைங்க."

"அது நம் மாவட்டம்தான் அம்மா. வரியில் பயன் இராது."

"வரி கெடக்குதுங்க. லாரியில தண்ணி மிச்சமிருக்குதுங்களே," என்றாள்.

இவ்வளவு சிரிப்புக்கிடையில் கோகிலவாணி அம்மையார் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நீரின் கீழ் மும்முறை நின்றார். புதுப்பானையைத் தோளிலிருந்து பின்புறமாக விட்டு உடைத்தார். ஈரப் புடைவையுடன் மணலில் நடந்து சாலையேறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செருப்பு ஆற்றிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க நான் பின்னால் ஓடியபோதும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை பலகையில் எல்லா விளக்குகளும் முன்போலவே எரிந்தன. "முழுகினதுல இருந்து மச்சினன் நெனப்பாவே இருக்குதுங்க. அதுக்கு முந்தி இவ்வளவு பாசமில்லை," என்றான் மாகாளி. கருவியை ஏமாற்ற இயலாது என்று தெரிந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. முயற்சி வீணாயிற்று என்று நான் கருதினேன்.

அம்மையார் அவ்வாறு கருதவில்லை. வீட்டில் மகளின் படத்தைக் கழற்றினார். அவளுடைய துணிகளை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்தார். பதினாறாம் நாள் வடை சுட்டுக் காகத்துக்கு வைத்தார். "இவ்வளவு தூரம் வேண்டுமா அம்மா?" என்று கேட்டேன். "அரைகொறையாச் செஞ்சா அது பொய்யாப் போயிரும்ங்க சார்," என்றார். "நாப்பது குடும்பம் இருக்குதில்லீங்க."

இதழினி என்னை அழைத்தாள். "சார், அம்மா போன் எடுக்க மாட்டேங்கறாங்க. விளையாட்டு போதும்னு சொல்லுங்க. வெள்ளம் வடிஞ்சிருச்சுன்னும் சொல்லுங்க."

ஆண்டுக் கணக்கு முடியும் வரை பொறுத்துக்கொள்ளுமாறு அவளைக் கேட்டுக்கொண்டேன். அம்மையாரிடம், "வெள்ளம் வடிந்துவிட்டதாம்," என்று மட்டும் கூறினேன். "சரிங்க," என்றார். பச்சை விளக்கு துடித்து எரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "இனிமே சொல்லாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார். அதன்பின் நான் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு பிற்பகல், வானொலி பிரம்மபுத்திராவில் கரை உடைந்ததென்றும், பொறியாளர்கள் சிலர் படகில் சிக்கியிருப்பதாகவும் அறிவித்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்பது பேரும் பலகையைத் திரும்பிப் பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அதன் கீழே இருந்தவை எங்கள் எண்கள். மாகாளியுடையது, என்னுடையது, நல்லசிவம் அவர்களுடையது. அம்மையாரின் எண் அங்கே இல்லை. அது கடலுக்குள் இருந்த வெண்ணிற விளக்கின் கீழே இருந்தது. அவர் வலையை ஒளிக்கு எதிரே பிடித்து, அறுந்திருந்த ஒரு கண்ணைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

யாரோ முதலில் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினோம். வெற்றி என்றுதான் அப்போது எங்களுக்குத் தோன்றியது. நல்லசிவம் அவர்கள் அல்வா வரவழைத்தார். நான் வெளியே சென்று இதழினியை அழைத்தேன். அவள் அந்தப் படகில் இல்லை, நலமாக இருந்தாள். அதைச் சொல்ல உள்ளே ஓடி வந்தவன், அம்மையார் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து நின்றுவிட்டேன். அம்மையார் தம் பங்கு அல்வாவைத் தின்றுகொண்டிருந்தார். "இனிப்புக் கொஞ்சம் தூக்கலுங்க," என்றார்.

அசாமிலிருந்து மூன்றாம் அழைப்பு வரவில்லை.

அடுத்த ஆண்டே நாட்டமுறைச் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் மக்கள் தத்தம் மாநிலத்துக்கு வெளியே எவரையும் நினையாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்களாம். பலகைகள் இருண்டு கிடந்தனவாம். மாநிலங்களுக்கிடையே பங்கிட எதுவும் மிஞ்சவில்லையாம். ஆரோக்கியநாதன் வந்து பொத்தான்களை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டார், பலகையையும் கழற்றினார்.

நல்லசிவம் அவர்கள் சோதனை மேசைக்கு ஏறக்குறைய ஓடினார். "அம்மணி! சட்டத்தை எடுத்துட்டாங்க! இனிமே எவ்வளவு வேணும்னாலும் நெனைச்சுக்கோ!"

அம்மையார் வலையைத் தாழ்த்தினார். "சட்டத்தை எடுத்துட்டாங்க. சரிங்ண்ணா. முழுகினதை எப்புடி எடுக்கறது?"

நல்லசிவம் அவர்கள் ஆரோக்கியநாதனைப் பார்த்தார். "ஒரு அரசாணையை ரத்து செய்ய இன்னொரு அரசாணை போதும் சார்," என்றார் அவர், கைகளைப் பிசைந்துகொண்டு. "குளியலை ரத்து செய்ய என்கிட்ட அதிகாரம் இல்லை."

கோயில் பூசாரியைக் கேட்டோம். அவரும் யோசித்துவிட்டு, "முழுகறதுக்கு வழி வெச்சிருக்காங்க. திரும்பக் கூப்படறதுக்கு யாரும் வெக்கலீங்களே. கோவத்துல செய்யறது, அவங்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது," என்றார்.

இதழினி விடுப்பெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வெயிலில் கறுத்து, உயரமாக, காலணியில் ஆற்று வண்டலோடு கூடத்தின் வாசலில் நின்றாள். அம்மையார் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க. உக்காருங்க. ரொம்பத் தூரத்துல இருந்து வர்றீங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"அம்மா, போதும். நடிக்காதே."

"நடிக்கலீங்க." அம்மையாரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, விருந்தினர் மனம் நோகக் கூடாதே என்னும் வருத்தம். "நீங்க யாருன்னு தெரியுதுங்க. நான் பெத்ததுன்னும் தெரியுது. தெரியறது வேற, வர்றது வேறங்க. உள்ள இருந்து ஒண்ணும் வரமாட்டேங்குது. நானும் தெனமும் வலையை விரிச்சுப் பாக்கறேனுங்க. வலைதான் தெரியுது."

இதழினி எங்களைப் பார்த்தாள். நாற்பது பேருள் ஒருவரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. நானும் சந்திக்கவில்லை.

பூசாரிக்குத்தான் அந்த யோசனை வந்தது. "திரும்பி வர வழியில்லீங்க. ஆனா புதுசாப் பொறக்க வழி இருக்குதுங்களே. தொட்டில் போட்டுப் பேரு வெச்சிருங்க."

வேறு வழி அறியாததால் உடனே இறங்கினோம். கூடத்தின் உத்தரத்தில், புடைவை தாங்காது என்று வலைத்துணியை நான்கு மடிப்பாக மடித்துத் தொட்டில் கட்டினான் மாகாளி. பிரம்மபுத்திராவின் கரைகளைக் காக்கும் பொறியாளர், காலணிகளைக் கழற்றிவிட்டு, முழங்கால்களை முகவாய் வரை மடக்கிக்கொண்டு அதற்குள் அமர்ந்தாள். உத்தரம் முனகியது.

"அம்மணி, மூச்சைப் புடிச்சுக்கோங்க, கனம் கொறையும்," என்றான் மாகாளி.

இதழினி சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டில் ஆடியது. அந்த ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முழுமையாக நம்பினேன்.

கோகிலவாணி அம்மையார் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர் அவர். பூசாரி சொன்னபடி கிழக்கு நோக்கி நின்று, வலைத்துணியை விலக்கி, மகளின் காதருகே குனிந்தார். "இதழினி," என்றார். மறுபடியும் "இதழினி." மூன்றாம் முறையும் தெளிவாக, எழுத்து பிசகாமல். பிறகு நிமிர்ந்து, தொட்டிலுக்குள் இருந்தவளின் முகத்தைக் கவலையோடு பார்த்தார்.

"பேரு சரியாச் சொன்னேனுங்களா?"

தொட்டில் ஆடுவது நின்றது.

"சரியாச் சொன்னீங்க," என்றாள் இதழினி.

அன்று மாலை ரயிலிலேயே அவள் திரும்பிச் சென்றாள்.

நான் கற்ற கல்வியின் முறைப்படி, நல்லமங்கை கொசுவலை நிறுவனத்தில் நாட்டமுறைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்து இழப்புகளைக் கீழே தருகிறேன். பீகாரைச் சேர்ந்த தையல்காரர்கள் பதினொருவர். திரும்ப அழைத்து எழுதினோம், எவரும் வரவில்லை. சபரிமலை விரதம் ஓர் ஆண்டு. மைசூர்பாகு, அதே காலத்துக்கு. ஒரு தண்ணீர் லாரி அளவு தண்ணீர். ஒரு புதுப்பானை. ஒரு சோடிச் செருப்பு. அம்மையார் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. கோகிலவாணி அம்மையாரின் மகள். இதழினியின் தாய். கடைசி இரண்டையும் ஒரே இழப்பாகக் கொள்வதா, தனித்தனியாகக் கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன்.